ஒரே நிறத்தில் பதினேழு

என் வேலைக்கு மூன்று விசைகள் போதும். ஒன்று ‘ஆம்’. இரண்டு ‘இல்லை’. மூன்று ‘தெரியவில்லை’. மூன்றை அடிக்கடி அழுத்துகிறவனை அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள்.

திரையில் ஒரு சதுரப் படம் வரும். அதை நாங்கள் கட்டம் என்போம். ஒரு கட்டத்தில் பத்தாயிரம் நட்சத்திரங்களாவது இருக்கும். எல்லாம் நம் பால்வீதியைச் சேர்ந்தவை. எனக்கு வேண்டியவை அவை அல்ல. அவற்றுக்கு வெகு தூரம் பின்னால் இருக்கும் வேறு கேலக்ஸிகள். பால்வீதியின் நடுப்பட்டை முழுக்கத் தூசி. சாதாரணத் தொலைநோக்கியில் பார்த்தால் அந்தப் பட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். பல வருடங்களாக வரைபடங்களில் அந்த இடத்தைக் காலியாகத்தான் விட்டு வைத்திருந்தார்கள். அகச்சிவப்பு ஒளி மட்டும் தூசியைத் தாண்டி வந்துவிடும். அந்த ஒளியில் எடுத்த படங்கள்தான் எங்கள் கட்டங்கள்.

கேலக்ஸி என்றதும் சுருள் சுருளாக, அழகாக ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டாம். கண்ணாடியில் ஈர விரல் பட்ட இடம் எப்படி இருக்கும்? அப்படித்தான். கணினி தனக்குச் சந்தேகம் வரும் இடங்களுக்கெல்லாம் வட்டம் போட்டுத் தரும். இரண்டு நட்சத்திரங்கள் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதற்கு வட்டம் போடும் புத்திதான். அதனால் மனிதக் கண் வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும். ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டு பேரும் ஆம் என்றால் பட்டியலில் ஏறும். ஒத்துப்போகாவிட்டால் பேராசிரியரிடம் போகும்.

பேராசிரியருக்கு ஆதாரம் சார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, நாங்கள் வைத்தது. மழை வருகிறது என்று சொன்னால்கூட ‘ஆதாரம்?’ என்பார். ஆறு வருடங்களுக்கு முன் நான் அவரிடம் ஆய்வு மாணவன். மூன்று வருடம் தொலைநோக்கியின் கட்டுப்பாட்டு அறையில் இரவு வேலை பார்த்தபடியே தூசிப் பட்டைக்கு இரண்டு பக்கமும் இருக்கும் கேலக்ஸிகளின் வேகத்தை அளந்தேன். எல்லாம் ஒரே இடத்தை நோக்கி லேசாகச் சாய்ந்து நகர்ந்தன. அந்த இடம் தூசிக்குப் பின்னால். அங்கே பெரிய கேலக்ஸிக் கொத்து ஒன்று உட்கார்ந்துகொண்டு இழுக்கிறது என்று எழுதினேன்.

“இழுக்குதுன்னு சொல்றீங்க. இழுக்கறது யாருன்னு காட்டுங்க,” என்றார்.

காட்ட முடியவில்லை. அப்போது அந்த இடத்துக்கு நல்ல படம் கிடையாது. ஒரு நாள் அடையாள அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். நான் விட்டுவிட்டேன் என்று சொல்வேன். அம்மா கேட்பவர்களிடமெல்லாம் ‘படிப்பு நின்னுபோச்சு’ என்பாள், மின்சாரம் நின்றுபோனது மாதிரி.

விட்ட படிப்பை ஆறு வருடத்துக்குள் திரும்பத் தொடங்கலாம் என்று பல்கலைக்கழகத்தில் ஒரு விதி உண்டு. வழிகாட்டி கையெழுத்துப் போட வேண்டும். ஒரு முப்பதாம் தேதியோடு எனக்கு ஆறு வருடம் முடிய இருந்தது. அதற்கு மூன்று மாதத்துக்கு முன் படிவத்தோடு அவர் முன்னால் போய் நின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. நின்றேன்.

“கட்டம் பாக்கற வேலை இருக்கு. மூணு மாசம் பாருங்க,” என்றார். “உங்க கண்ணை நம்பலாமான்னு பாக்கறேன். நம்பலாம்னா கையெழுத்துப் போடறேன்.”

நம்பலாமா என்று கண்டுபிடிக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. முதல் நாளே எல்லோரிடமும் சொன்னார்: “நடுநடுவுல பொய் கேலக்ஸி வெச்சிருக்கோம். கம்ப்யூட்டர்ல வரைஞ்சு நிஜப் படத்துக்குள்ள நுழைச்சது. எத்தனை, எங்கன்னு சொல்ல மாட்டோம். நீங்க அதுல எத்தனையைப் பிடிக்கிறீங்கன்னு பாத்தாதான், நிஜத்துல எத்தனையைத் தவற விடறீங்கன்னு எங்களுக்குத் தெரியும்.”

அதாவது பொய்யைப் பார்த்தால் ஆம் என்று போட வேண்டும். அதுதான் சரியான விடை.

அந்தப் பொய்களை வரைந்தது என் தங்கை.

அவள் என்னைவிட நான்கு வயது சின்னவள். ஆதாரம் சாரிடம்தான் இரண்டாம் வருடம் ஆய்வு செய்கிறாள். நான் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பேச்சுக்குச் சொல்லவில்லை, அதே நாற்காலி, இடது கைப்பிடி ஆடுவது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். இரண்டு அறை, ஒரு சமையலறை, கதவு சரியாகச் சாத்தாத ஒரு குளியலறை. பொய்களைப் பற்றி வீட்டில் மூச்சு விடக் கூடாது என்று ஆதாரம் சார் அவளிடம் எழுதி வாங்கியிருந்தார்.

கட்டம் பார்க்கும் அறை முன்பு பழைய சாமான் போட்டு வைத்த இடம். திரையில் வெளிச்சம் விழாமல் இருக்க ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி. என் கட்டங்களையே இரண்டாவதாகப் பார்ப்பவர் டீச்சர். முப்பது வருடம் பள்ளியில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருந்தால் மருமகளோடு சண்டை வருகிறது என்று இந்த வேலைக்கு வந்தார்.

“தம்பி, இப்படி முறைச்சுப் பாத்தா அது பயந்து ஓடிடும்.”

“கேலக்ஸியா டீச்சர்?”

“எதுவா இருந்தாலும். நான் மார்க் போடற மாதிரி பாக்கறேன். பாத்தேன், போட்டேன், அடுத்தது.”

“தப்பாப் போயிட்டா?”

“நான் பத்தாயிரம் பேப்பர் திருத்தினவ. தப்பாப் போட்டவன்லாம் இப்ப கார்ல போறான்.”

இரண்டாவது மாதத்தில் ஒரு சாயங்காலம் தங்கை தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல. எல்லாத்தையும் திரும்பச் செய்யச் சொல்வாரோன்னு பயமா இருக்கு. நிறத்தை மாத்தாம விட்டுட்டேன், எல்லாத்துக்கும் ஒரே…” குழாயை மூடினாள். “அண்ணா. கேக்கலன்னு நெனச்சுக்கோ.”

“எதை?”

“அதான்.”

தலையாட்டினேன். தட்டைத் துடைத்து அடுக்கி வைத்தேன். படுத்த பிறகு யோசித்தேன்.

தூசி, பின்னால் இருப்பதைச் சிவப்பாக்கிக் காட்டும். தூசி அதிகமானால் சிவப்பும் அதிகமாகும். கட்டத்துக்குக் கட்டம் தூசி மாறுவதால் ஒரே வகைக் கேலக்ஸிகூட ஒவ்வொரு கட்டத்திலும் வெவ்வேறு நிறத்தில் தெரிய வேண்டும். இவள் தூசியைக் கணக்கில் எடுக்க மறந்து எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் வரைந்திருக்கிறாள். ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் நிறத்துக்கு ஒரு எண் இருக்கும். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அது அவள் கைவேலை.

மறுநாளே கிடைத்தது. 1.30. இரண்டு நாள் கழித்து வேறொரு கட்டத்தில் 1.30. அந்த இடத்தின் தூசி வரைபடத்தைப் பார்த்தேன். அங்கே 1.8 இருந்திருக்க வேண்டும். பிடித்துவிட்டேன். அதற்கடுத்தது 1.31. அதையும் பிடித்தேன். முதல் பத்துக்கு ஒவ்வொன்றாகத் தூசி வரைபடத்தைத் திறந்து சரிபார்த்தேன். பிறகு திறக்கவில்லை. எண்ணைப் பார்த்தாலே போதும் என்று ஆகிவிட்டது.

பொய்களுக்கெல்லாம் ஆம் போட்டிருந்தால் மதிப்பெண் வந்திருக்கும், கையெழுத்தும் வந்திருக்கும். எனக்கு அது போதவில்லை. பொய்யை நிஜம் என்று சொல்வதற்கு என்ன கெட்டிக்காரத்தனம் வேண்டும்? டீச்சரும் அதைத்தான் செய்கிறார். இது பொய், இதுவும் பொய் என்று ஒன்றுவிடாமல் எடுத்து ஆதாரம் சார் மேசையில் போட வேண்டும். ஆறு வருடம் முன்னால் ஆதாரம் கேட்டார் அல்லவா, இந்தா என்று. அதனால் கண்ட பொய்களுக்கெல்லாம் ‘இல்லை’ போட்டேன். தனியாக ஒரு பட்டியலும் வைத்தேன். மூன்று வாரத்தில் இருபத்து நான்கு சேர்ந்தது.

கடைசி மாதம் இருபத்தோராம் தேதி காலையில் கட்டம் 212 வந்தது.

அது எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே எனக்குத் தெரியும். மூன்று வருடம், வானத்தில் அந்த இடத்தைக் குறிக்கும் எண்களை எழுதி எழுதி அழித்தவன் நான். என் கேலக்ஸிகள் சாய்ந்த இடம் அதுதான். நட்சத்திரங்களுக்கு நடுவே கறைகள் தெரிந்தன. ஒன்றிரண்டு அல்ல. நடுவில் பெரிதாக ஒன்று, சுற்றிச் சின்னவை. எண்ணினேன், பதினேழு. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் எண்களைப் பார்த்தேன். 1.30. 1.31. 1.30. 1.29. பதினேழும்.

சிரிப்பு வந்துவிட்டது.

“என்ன தம்பி, திரையைப் பாத்துத் தனியா சிரிக்கிறீங்க?”

“ஒண்ணுமில்ல டீச்சர். எனக்கு ஒருத்தர் விருந்து வெச்சிருக்காரு.”

மற்ற கட்டங்களில் ஒன்று அல்லது இரண்டுதான் வைத்திருந்தார்கள். இங்கே பதினேழு. ஏன் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. நான் தேடிய இடத்தில், நான் தேடிய பொருளையே சார் செய்து வைத்திருக்கிறார். ஆசைப்பட்டுப் பாய்கிறேனா என்று பார்க்கிறார். பாய்ந்தால், பார்த்தீர்களா, இவனுக்கு வேண்டியதெல்லாம் இவன் கண்ணுக்குத் தெரியும் என்று சொல்லலாம். இரண்டாவது விசையைப் பதினேழு முறை அழுத்தினேன். கடைசி நாலைந்தைக் கொஞ்சம் பலமாகவே.

தூசி வரைபடத்தைத் திறக்கவில்லை. திறக்க அரை நிமிடம் ஆகும்.

அன்று மாலையே நாற்பத்தொரு வட்டங்களின் பட்டியலை ஆதாரம் சாருக்கு அனுப்பினேன். மேலே ஒரு வரி: ‘நீங்கள் வைத்த போலிகள் இவை. அடுத்த முறை இதைவிடக் கடினமான பரீட்சை வைக்கவும்.’ ‘தயவுசெய்து’ என்று முதலில் எழுதி, பிறகு எடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தங்கையிடம் பெருமையடித்தேன். அவளுக்கு முதலில் கோபம் வந்தது.

“நான் வாய் தவறிச் சொன்னதை வெச்சு விளையாடினியா? மானங்கெட்டவனே.”

“உன் பேரு எங்கயும் வராது. எண்ணைப் பாத்து நானா கண்டுபிடிச்சேன்னு சொல்லிப்பேன்.”

“குடு, பாக்கறேன்.”

லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். விரலால் திரையில் கோடு போட்டபடி வந்தாள். “ஆமா. ஆமா. இது ஆமா. அடப்பாவி, இதையுமா.” இருபத்து நான்கில் விரல் நின்றது.

“இருநூத்திப் பன்னெண்டுல நான் எதுவும் வைக்கலயே.”

“பதினேழு வெச்சிருக்க.”

“ஒண்ணுகூட வைக்கல அண்ணா. அந்தக் கட்டம் என் லிஸ்ட்லயே கிடையாது.”

“அப்ப சார் வெச்சிருப்பாரு.”

“சாரா? அந்த ப்ரோக்ராமைத் திறக்கவே அவருக்குத் தெரியாது. பாஸ்வேர்டை என்கிட்டதான் கேப்பாரு. வாரத்துக்கு ரெண்டு தடவை.”

அவள் தூசி வரைபடத்தைத் திறந்தாள். அரை நிமிடம்தான் ஆனது. காகிதத்தில் ஏதோ கழித்தாள், மறுபடி கழித்தாள். அவள் கழித்து முடிப்பதற்குள் எனக்கு விடை தெரிந்துவிட்டது. வயதான கேலக்ஸிகள் ஒரு கொத்தில் சேர்ந்து இருந்தால் எல்லாம் ஏறக்குறைய ஒரே நிறம். ஒரே காலத்தில் பிறந்தவை, ஒரே தூரத்தில் இருப்பவை. சின்ன இடம் என்பதால் முன்னால் இருக்கும் தூசியும் ஒரே அளவு. அந்த நிறத்தோடு தூசியைச் சேர்த்தால் 212-ல் 1.30 வரும். அவள் பொய்களுக்குக் கொடுத்த எண்ணும் அதுவாகவே அமைந்தது தற்செயல். மற்றபடி, ஒரு கொத்தை அடையாளம் காண ஒரே நிறத்தைத்தான் தேட வேண்டும். மூன்றாம் வருடப் பாடம். நான் அதில் முதல் மதிப்பெண்.

அவள் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷம் வந்தது. அடக்கினாள். மறுபடி வந்தது.

“அண்ணா,” என்றாள். “இருந்திருக்கு அண்ணா. நீ சொன்ன இடத்துலயே.”

“தெரியுது.”

“மெயிலைத் திரும்ப எடுக்க முடியாதா?”

“படிச்சுட்டாருன்னு வந்துடுச்சு.”

அவள் லேப்டாப்பை மூடவில்லை. நான் எழுந்து என் அறைக்குப் போன பிறகும் விசைப்பலகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார். அவருக்கு முன்னால் என் பட்டியல் அச்செடுத்து வைத்திருந்தது. பதினேழைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். பொய்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் போட்டிருப்பார். இல்லையென்றால் தங்கையைக் கேட்டு. அவள் என்னைவிட ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பியிருந்தாள்.

“டீச்சர், இந்தப் பதினேழுக்கும் நீங்க ஆம் போட்டிருக்கீங்க. ஏன்?”

“ஏன்னா? பாத்தா அப்படித்தான் இருந்துச்சு சார். எல்லாம் ஒரு வீட்டு ஆளுங்க மாதிரி. தப்பா?”

“தப்பில்ல.” என் பக்கம் திரும்பினார். “பொய் எல்லாம் ஒரே நிறம்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

தங்கை மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் ஒரு மூச்சு நேரம் பொறுத்தேன்.

“எண்ணையெல்லாம் பாத்துட்டே இருந்தேன் சார். தானா தெரிஞ்சுது.”

“கெட்டிக்காரத்தனம்தான்,” என்றார். பாராட்டவில்லை, குறித்துக்கொண்டார்.

“சார், ஆறு வருஷம் முன்னாடி நான் எழுதினது இதே இடம்.”

“ஞாபகம் இருக்கு.”

“ஆதாரம் கேட்டீங்க. இதான் ஆதாரம்.”

“ஆதாரம்தான். அதுல என்ன சந்தேகம்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆனா இருக்குன்னு சொன்ன ஆளே நேர்ல பாத்துட்டு இல்லன்னுட்டாரு. பதினேழு தடவை. இதை நான் எப்படிப்பா எழுதறது? நீங்க கண்டுபிடிச்சதா எழுதவா, நீங்க நிராகரிச்சதா எழுதவா?”

டீச்சர் என் பட்டியலைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

“கையெழுத்து?” என்றேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“கண்ணை நம்பலாமான்னு பாக்கறேன்னுதான் சொன்னேன். உங்க கண்ணுல குறை இல்ல. நீங்க கண்ணால பாக்கலயே. என் மனசுல என்ன இருக்குன்னு பாத்துட்டிருந்திருக்கீங்க.” படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். “நான் அவ்வளவு மெனக்கெட்டு உங்களை ஏமாத்துவேன்னு நெனச்சீங்க பாருங்க. எனக்கு அதுக்கெல்லாம் எங்க நேரம்.”

அது உண்மை. அதுதான் தாங்க முடியவில்லை. ஆறு வருடமாக அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது நான் மட்டும்தான். அவருக்கு அப்படி ஒரு சண்டை நடப்பதே தெரியாது.

முப்பதாம் தேதி வந்தது, போனது. அம்மா போனில், “ஏதோ கையெழுத்துன்னியே, என்னாச்சு?” என்றாள். தேதி முடிஞ்சுபோச்சும்மா என்றேன். “போனாப் போகட்டும், தங்கச்சி எதோ பெருசா கண்டுபிடிச்சிருக்காளாமே,” என்றாள்.

பெரிய தொலைநோக்கியில் நேரம் வாங்கித் தூரத்தை அளந்தார்கள். பதினேழில் பதினைந்து ஒரே தூரத்தில் இருந்தன. கொத்துதான். நான் கணக்குப் போட்டதைவிடக் கொஞ்சம் கனம் குறைவு, மற்றபடி நான் சொன்னதேதான். கட்டுரையில் முதல் பெயர் தங்கையுடையது, இரண்டாவது சார், மூன்றாவது டீச்சர். டீச்சர் மூன்று நாள் வேண்டாம் வேண்டாம் என்றார். பிறகு மருமகளிடம் காட்ட இரண்டு பிரதி கேட்டார். கடைசியில் நன்றி சொல்லும் பத்தியில் பதினோரு பேர், அதில் ஏழாவது நான். என் பழைய கணக்கைப் பற்றி ஒரு வரியாவது சேர்க்கலாமே என்று தங்கை கேட்டாளாம். வெளிவராததை மேற்கோள் காட்ட முடியாது என்று சார் சொல்லிவிட்டாராம். கேட்டதாக அவள்தான் சொன்னாள். என்னிடம் ஆதாரம் இல்லை.

வேலையிலிருந்து என்னை அனுப்பவில்லை. அடுத்த பகுதி வானத்துக்கான படங்கள் வந்தபோது ஆதாரம் சார் கூப்பிட்டார். “இந்தத் தடவை பொய்யெல்லாம் நீங்க செய்யுங்க. பொய்யைப் பிடிக்கற வழி தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான்.” கிண்டல் இல்லை. அவருக்குக் கிண்டல் வராது. இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டேன். ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். வீட்டில் பேசக் கூடாது என்ற அந்தத் தாள். அவரிடமிருந்து எனக்குக் கையெழுத்து வரவில்லை, என்னிடமிருந்து அவருக்குப் போனது.

இப்போது நான் செய்யும் பொய்கள் தரமானவை. ஒவ்வொரு கட்டத்தின் தூசியையும் பார்த்து, அதற்கேற்ற சிவப்பைச் சேர்த்து, பக்கத்து நட்சத்திரத்தின் வெளிச்சம் லேசாக மேலே படியும்படி வைக்கிறேன். எனக்கே மறுவாரம் அடையாளம் தெரிவதில்லை. அவற்றைப் பார்த்து ஆம் இல்லை போடுகிறவர்களில் டீச்சர் இருக்கிறார், தங்கையும் இருக்கிறாள்.

போன வாரம் ஒரு சாயங்காலம் நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். அவள் பின்னால் வந்து நின்றாள். அடுத்த கட்டுரைக்கு நாள் நெருங்குகிறது, தூக்கம் போதவில்லை என்று முகமே சொன்னது.

“எத்தனை வெச்சிருக்க?”

“சொல்லக் கூடாது.”

“தெரியும். சும்மா கேட்டேன்.” துடைக்கும் துணியை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள். “நிறமெல்லாம் சரியா வெச்சியா?”

“வெச்சேன்.”

அடுத்த தட்டைக் குழாயடியில் பிடித்தேன்.

“அன்னிக்கு சார் ரூம்ல,” என்றாள், “நான்தான் நிறத்தைப் பத்தி உளறினேன்னு சொல்லியிருக்கணும். சொன்னா நான் எழுதிக் குடுத்தது…”

குழாயை மூடினேன்.

“கேக்கலன்னு நெனச்சுக்கறேன்,” என்றேன். தட்டை அவளிடம் நீட்டினேன். வாங்கித் துடைத்து அடுக்கினாள்.